ரெண்டு பத்து அளவு வளையல்

என் மாமியார் தினமும் காலையில் காப்பி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்காருவார். என் பாதத்தைத் தன் மடிப் பக்கம் இழுத்து, கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டை விரலை வைத்து அழுத்துவார். விரலை எடுத்துவிட்டு, அழுத்திய இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருக்கும் மருமகளின் காலைத் தொட்டுப் பார்க்கிற மாமியாரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் திருப்பத்தூர்ப் பக்கம் கிடையவே கிடையாது. ஆகவே எனக்குச் சந்தேகம் வந்தது. எனக்குச் சந்தேகம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம் என்பது உண்மைதான். காய்க்காரர் தராசைத் தூக்கினால் காயைப் பார்க்காமல் முள்ளைப் பார்க்கிற ரகம் நான். வீட்டில் என்னைச் 'சிஐடி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் இந்த விஷயத்தில் சிஐடி தோற்கவில்லை. அந்த வீட்டில் எதையோ மறைத்தார்கள். அதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. எங்கள் வீடு தொம்மலூரின் பழைய ஊருக்குள், சந்துக்குள் சந்தாகப் போய் முட்டும் இடத்தில் இருந்தது. தலைக்கு மேலே விமானம் இறங்கும்போது பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். என் மாமனாரின் அப்பா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். மாமனார் கர்நாடக அரசு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாடு, சண்டை, சாமி எல்லாம் தமிழில்தான். ரகசியம் மட்டும் கன்னடத்தில். சமையலறையில் கன்னடம் கேட்டால் அது என்னைப் பற்றித்தான் என்று கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டேன்.

நான் உண்டாகியிருக்கிறேன் என்று டாக்டரம்மா சொன்ன அன்று எல்லாருக்கும் சந்தோஷம். மாமனார் தெருக்கோடி வரை போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். மாமியார் மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சாமி அலமாரி முன்னால் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் கூடத்துச் சுவரில் ஒரு படத்தைக் காணோம்.

அது என் கணவரின் அக்காவின் படம். அகலமான முகம், இரட்டைச் சடை, சந்தன மாலை. எனக்குக் கல்யாணம் ஆவதற்குப் பல வருடம் முன்பே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தார்கள். இப்போது ஆணி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே சுண்ணாம்பு சதுரமாக வெளுத்திருந்தது.

"அத்தை, அக்கா படம் எங்க?"

"கண்ணாடி விரிசல் விட்டிருச்சும்மா. ரிப்பேருக்குக் குடுத்திருக்கு."

சரி என்றேன். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று, படம் ரிப்பேரிலேயே இருந்தது. அந்த நேரத்தில் ஒரு வீட்டையே கட்டி முடித்திருக்கலாம். ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது சமையலறையில் மாமியார் என் கணவரிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். "அவளிகெ ஹேள்பேட" என்று காதில் விழுந்தது. அவளிடம் சொல்லாதே. ஒரு வருடம் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவளுக்கு அவ்வளவு கன்னடம்கூடவா புரியாது? என் தலையைப் பார்த்ததும் இரண்டு பேரும் தமிழுக்குத் தாவி, கொத்தமல்லி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

அந்தப் படத்தில் இருந்தவள் அக்காதானா? இல்லை, இவருக்கு மூத்த தாரமா? மூத்தவளின் படத்தை மாட்டி வைத்துக்கொண்டு அக்கா என்று சொல்லி என்னைக் கட்டி வைத்துவிட்டார்களா? டெலிபோனில் அம்மாவிடம் கிசுகிசுத்தேன். என் சந்தேக புத்தி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

"அடிப்பாவி, நானும் நெனைச்சேன்டி! அந்த வீட்டுல ஏதோ இருக்கு. நீ வாயைத் தொறக்காத. ஏழாம் மாசம் வளையல் போட்டுக் கையோட கூட்டிட்டு வந்துடறேன். தலைப்பிரசவம் நம்ம வீட்டுலதான். அப்புறம் பேசிக்கலாம்."

கணவரிடம் நேராகவே கேட்டேன். "என்னங்க, உங்களுக்கு இதுக்கு முன்னாடி கல்யாணம் ஆயிருக்கா?" அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தார். "உனக்கு எங்கிருந்துதான் இப்படியெல்லாம் தோணுதோ" என்றார். 'இல்லை' என்று அவர் சொல்லவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆறாம் மாதத்தில் இருந்து மாமியார் இன்னொரு வேலை ஆரம்பித்தார். காலைத் தொட்டுப் பார்த்த கையோடு, கட்டிலுக்கு எதிரே சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைக் காட்டுவார்.

"கண்ணு, இன்னைக்கு என்ன தேதி, என்ன நட்சத்திரம், படி."

"எதுக்கு அத்தை?"

"சும்னே படி." சும்மா என்பதை அவர் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்.

படிப்பேன். பெரிய எழுத்தையும் படிப்பேன், கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கும் ராகு காலத்தையும் படிப்பேன். "தலைவலி இருக்கா?" என்பார். இல்லை என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்வை மங்கின பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று என் அம்மா வீட்டின் மேல் குற்றம் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பரீட்சை என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? மாமியார்கள் மருமகளுக்குக் கண் டெஸ்ட் வைப்பது பரம்பரை வழக்கமா என்ன?

கால் வீங்க ஆரம்பித்தது அப்போதுதான். சாயங்காலம் ஆனால் செருப்பு பிடிக்கும். மெட்டி விரலை அமுக்கும். காலையில் எழுந்தால் வடிந்திருக்கும். அம்மா போனில், "அது எல்லாருக்கும் வர்றதுதான். உன்னைச் சுமந்தப்ப எனக்குக் கால் உரல் மாதிரி இருந்துச்சு. பார்லித் தண்ணி குடி, போதும்" என்றாள். அல்சூரில் இருந்த நர்சிங் ஹோம் டாக்டரம்மாவும் அப்போது கவலைப்படவில்லை. சாயங்காலத்தில் இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, படுத்து எழுந்தால் வடிகிற வீக்கம் சாதாரணம்தான், காலைத் தூக்கி வைத்து இடது பக்கமாகப் படு என்றார். சொல்லிவிட்டு ரத்த அழுத்தம் பார்த்தார், சிறுநீர் பார்த்தார், போகலாம் என்றார். நான் வெற்றியோடு மாமியாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. டாக்டரம்மாவிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். டாக்டரம்மா என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகப் பதில் சொன்னார். அங்கேயும் ரகசியம்!

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனார் மாமியார். டாக்டரம்மா வரச் சொன்னது பாதி, இவராகவே கூட்டிப் போனது பாதி. எனக்கு ஏதோ நோய் இருக்கிறது, அதை என்னிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று ஒரு வாரம் நம்பினேன். அடுத்த வாரம் மூத்த தாரக் கதைக்கே திரும்பிவிட்டேன்.

ஏழாம் மாதம் அம்மா வளையல் போட நாள் பார்த்துச் சொன்னாள். மாமியார் வேண்டாம் என்றார்.

நன்றாகக் கவனியுங்கள். மருமகளுக்கு வளைகாப்பு வேண்டாம் என்று மாமியார் சொன்னார். "எங்க வீட்டுல வளையல் போடற பழக்கம் இல்லை சம்பந்தி" என்றார். பெங்களூருக்கு வந்தால் வளையல் இல்லாமல் போய்விடுமா? எதிர் வீட்டுத் தமிழ்க்காரர்கள் ஜோராகப் போட்டார்கள். எங்கள் மாமியாரே அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அம்மா போனிலேயே கொதித்தாள். வயிற்றுப் பிள்ளை காதில் வளையல் சத்தம் விழ வேண்டாமா, நாலு பேர் வாழ்த்த வேண்டாமா, என் பெண் என்ன அநாதையா என்று கேட்டாள். மாமனார் சமாதானம் பேசி, ஒன்பதாம் மாதம் தொம்மலூர் வீட்டிலேயே செய்வது, அடுத்த நாளே அம்மா என்னை ரயிலில் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவானது. ஆனால் மாமியார், வளையலைத் தானே வாங்கி வருவேன் என்று சொல்லிவிட்டார்.

வாங்கியும் வந்தார். என் கைக்கு ரெண்டு ஆறு அளவு. ரெண்டு நாலுகூடச் சோப்புப் போட்டால் ஏறும். மாமியார் வாங்கி வந்தது ரெண்டு பத்து. பச்சையும் சிவப்புமாக, ஒரு பெரிய காகிதச் சுருட்டு. போட்டுக் கையைத் தொங்கவிட்டால் கழன்று தரையில் விழும். விசேஷத்துக்காக ஊரில் இருந்து வந்து இறங்கிய அம்மாவின் முகம் அந்த வளையலைப் பார்த்ததும் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"என்ன சம்பந்தி, எம்பொண்ணு கையா, யானைக் காலா?"

"கொஞ்சம் லூஸா இருக்கட்டும்னு வாங்கினேன்."

"நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா? நான் சரியான அளவு கொண்டாந்திருக்கேன். அதையே போட்டுக்கலாம்."

மாமியார் காகிதச் சுருட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பீரோவில் வைத்துவிட்டார். அவமானப்படுத்தத்தான் வாங்கியிருக்கிறார் என்று நானும் அம்மாவும் கண்ணாலேயே பேசிக்கொண்டோம்.

வளையல் போட்ட அன்று வீடு நிறைந்துவிட்டது. ஊரில் இருந்து சித்தி, அத்தை எல்லாரும் வந்திருந்தார்கள். புளிசாதம், தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் என்று அண்டா அண்டாவாக இருந்தது. மனையில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, வேப்பிலைக் காப்புப் போட்டு, ஒவ்வொருத்தராக வந்து இரண்டு கையிலும் வளையல் ஏற்றினார்கள். காலையில் இருந்தே என் முகம் கனத்த மாதிரி இருந்தது. கண்ணுக்குக் கீழே இழுத்துப் பிடித்தது. ஆனால் வந்த பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "முகம் எப்படிப் பூரிச்சிருக்கு பாரு! கண்ணே பட்டுடும் போல." ஒரு சித்தி என் தாடையைப் பிடித்து, "இது பொம்பளைப் புள்ளைதான், அம்மாவுக்கு அழகைக் குடுக்குது" என்றாள். எனக்கும் பெருமையாக இருந்தது. இல்லை என்று சொல்வானேன்.

மாமனார் உயிரோடு இருக்கிறார், மாமியார் மஞ்சளும் குங்குமமுமாக நிற்கிறார். முதல் வளையல் அவர்தான் போட வேண்டும். கூப்பிட்டால் சமையலறையில் இருந்து வரவில்லை. "அடுப்புல வேலை இருக்கு, நீங்க போடுங்க" என்று குரல் மட்டும் வந்தது. அடுப்பில் என்ன வேலை? சமையல்காரர் பாத்திரத்தையே கழுவி வைத்துவிட்டார். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அம்மா என் காதில், "நாளைக்கு மத்தியானம் ரயில்ல ஏறிட்டா இந்த மூஞ்சியெல்லாம் பார்க்க வேண்டாம், பேசாம இரு" என்றாள்.

அன்றைக்குத்தான் டாக்டரம்மாவிடம் போகவேண்டிய நாள். போன தடவை ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது, தள்ளிப்போடாமல் வந்து காட்டு என்று சொல்லியிருந்தார். மாமியார் காலையிலேயே, "ஒரு நடை போய்ட்டு வந்துரலாம்" என்றார். "விசேஷத்தை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கா? ஊருக்குப் போய்க் காட்டிக்கலாம்" என்று அம்மா தடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் தலைவலியோடுதான் கண் விழித்தேன். நெற்றிக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி. வலது பக்கம், விலாவுக்குக் கீழே, மேல் வயிற்றில் பிடித்துக்கொண்டது. எழுந்து வாந்தி எடுத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நேத்து வந்தவ அத்தனை பேரு கண்ணும் பட்டுடுச்சு" என்று சொல்லி, உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டாள். "கலந்த சாதம் தின்ன வாயு, ஓமத் தண்ணி குடிச்சா சரியாயிடும்" என்று சித்தி சொன்னாள். பெட்டி கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ரயிலில் ஏறிப் படுத்தால் சரியாகிவிடும், ஜோலார்பேட்டை வரை கண்ணை மூடிக்கொண்டால் போதும்.

மாமியார் காப்பியோடு வந்தார். கீழே உட்காரவில்லை. கதவருகிலேயே நின்று என்னைப் பார்த்தார்.

"கையை ஆட்டு" என்றார்.

"என்ன அத்தை?"

"கையை ஆட்டும்மா."

ஆட்டினேன். வளையல்கள் சத்தம் போடவில்லை. முன்தினம் முழுக்கக் கலகலவென்று இருந்தவை, மணிக்கட்டில் சதைக்குள் புதைந்து ஒன்றோடு ஒன்று ஒட்டி அப்படியே நின்றன. விரல்கள் தடித்து, நுனி கருத்திருந்தது. அப்போதுதான் நானே அதைப் பார்த்தேன்.

"காலண்டர் படி."

திரும்பிப் பார்த்தேன். சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தது. அதில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் மினுக் மினுக்கென்று பூச்சி பறந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் எண் தெரியவில்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். என் கண்ணைப் பற்றி இந்த அம்மாவிடம் ஒப்புக்கொள்வதா? ஆனால் பொய் சொல்வதற்குக்கூட நேற்று என்ன தேதி என்று நினைவு வரவில்லை.

"தெரியலை அத்தை" என்றேன்.

மாமியார் டம்ளரைக் கீழே வைத்தார். தாம்பூலத் தட்டில் முந்தின நாள் பாக்குவெட்டி அப்படியே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, ஈரத் துண்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். துண்டின் நுனியை முறுக்கி வளையலுக்கு அடியில் நுழைத்தார். பாக்குவெட்டியால் பிடித்து ஒரு அழுத்து. டக்கென்று முதல் வளையல் உடைந்தது.

வீடே அலறியது. அம்மா ஓடி வந்து மாமியாரின் தோளைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ! எம்பொண்ணு கைய மூளியாக்கறாளே! வலி வர்றதுக்கு முன்னாடி வளையலை உடைக்கிறாளே! நீயெல்லாம் பொம்பளையாடி?" நேற்று வரை சம்பந்தி, நீங்க, வாங்க. இன்றைக்கு 'டி' போட்டாள். சுமங்கலி கையில் வளையலை உடைப்பது என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் புருஷன் உயிரோடு வாசலில் நிற்கும்போது இவர் ஏன் என் வளையலை உடைக்கிறார்?

மாமியார் அடுத்தது, அடுத்தது என்று உடைத்துக்கொண்டே போனார். ஒரு சில்லுகூட என் தோலில் கிழிக்கவில்லை. அவர் உள்ளங்கையில்தான் ரத்தம் வந்தது. அந்தக் கை தடுமாறவே இல்லை. பல வருடமாக மனசுக்குள் இதையே செய்து செய்து பழகிய கை அது என்று அப்போது எனக்குத் தெரியாது. கடைசி வளையல் உடைந்ததும் என் கணவரைப் பார்த்து, "ஆட்டோ கூப்பிடுடா!" என்று ஒரு சத்தம் போட்டார். அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். ரயில் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு குறுக்கே நின்ற என் அம்மாவை, "நீங்களும் ஏறுங்க சம்பந்தி, கத்தறதை அங்க வந்து கத்துங்க" என்று கையைப் பிடித்து ஆட்டோவில் தள்ளினார்.

நர்சிங் ஹோமில் டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். ஒருமுறை பார்த்துவிட்டு, நம்பாமல் அடுத்த கையிலும் பார்த்தார். சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தபோது அது தயிர் மாதிரி திரிந்துவிட்டது என்று நர்ஸ் பின்னால் சொன்னாள். உடனே ஊசி போட்டார்கள். போட்டதும் உடம்பெல்லாம் தீ வைத்த மாதிரி எரிந்தது. ஜன்னல் திரையை இழுத்து அறையை இருட்டாக்கினார்கள். யாரும் சத்தம் போடக்கூடாது என்றார்கள். என் அம்மா அப்போதுதான் வாயை மூடினாள்.

கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி இப்படி விஷமாகும் நோய் ஒன்று இருக்கிறது, அடுத்த கட்டம் வலிப்பு, வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உத்தரவாதம் இல்லை என்று டாக்டரம்மா என் கணவரிடம் சொன்னார். பிரசவம் ஆனால்தான் நோய் இறங்கும், ஆகவே காத்திருக்க முடியாது. அன்று மத்தியானம், ரயில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனைத் தாண்டியிருக்கும் நேரத்தில், அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கைப்பிடி இருந்தாள். அழுதாள்.

இரண்டாம் நாள் டாக்டரம்மா வந்து அம்மாவை நிற்க வைத்துத் திட்டியதை நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "கால் வீங்கறது சகஜம்னு யார் சொல்லலை? நானே சொன்னேன். ஆனா முகம் வீங்கினா சகஜமா? கை வீங்கினா சகஜமா? ஒரே ராத்திரியில வீக்கம் ஏறினா சகஜமா? தலைவலி விடலை, கண்ணுல பூச்சி பறக்குது, மேல் வயிறு வலிக்குது, இதுல ஏதாவது ஒண்ணு வந்தாலும் மூட்டையைக் கட்டிக்கிட்டு இங்க வரணும். வீக்கமே இல்லாமலும் பிரஷர் ஏறும், அதுக்குத்தான் வந்து காட்டச் சொல்றது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலும் வரணும், குழந்தை துடிக்கிறது குறைஞ்சாலும் வரணும். சுத்திப் போடறதை அப்புறம் போட்டுக்கலாம்." குழந்தை பிறந்துவிட்டது என்று அசட்டையாக இருக்கக்கூடாது, இன்னும் சில வாரம் தலைவலியோ வீக்கமோ வந்தால் அப்போதும் ஓடி வர வேண்டும் என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். "ரயில்ல ஏறியிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா, என் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மாமியார் ரசம் சாதம் கொண்டுவந்தார். அம்மா குழந்தையைப் பார்க்கப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். மாமியாரின் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. என் இரண்டு கையும் மொட்டையாகப் போர்வை மேல் கிடந்தன. இன்னும் வீக்கம் வடியவில்லை. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நான் கேட்காமல் இருந்தால்தான் அதிசயம்.

"அத்தை, அந்தப் படத்துல இருக்கறது யாரு?"

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எம்பொண்ணுதான். வேற யாரு?"

"காய்ச்சல்னு சொன்னீங்க."

"காய்ச்சல் இல்லை."

வெளியே விமானம் போயிற்று. அது போகிற வரைக்கும் காத்திருந்துவிட்டுச் சொன்னார். "தலைப்பிரசவத்துக்கு இங்கதான் வந்திருந்தா. ஏழாம் மாசம் வளையல் போட்டோம். நான்தான் மொத வளையல் போட்டேன். எல்லாரும் பூரிப்பு பூரிப்புன்னாங்க. ரெண்டாம் நாள் தலை வலிக்குதுன்னா, காலண்டர் தெரியலைன்னா. கை வீங்கி வளையல் புதைஞ்சிருச்சு. எனக்கு மனசு கேக்கலை, உடைச்சுடலாம்னேன். வலி வராம வளையலை எடுத்தா ஆகாதுன்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்கும் விடிஞ்சு போலாம்னாங்க. நானும் சும்னே இருந்துட்டேன். விடியறதுக்குள்ள வலிப்பு வந்துருச்சு. உள்ள இருந்ததும் போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், கோபம்தான். "ஏன் அத்தை எங்கிட்ட சொல்லலை? மூத்த தாரம்னு நெனைச்சேன், என் கண்ணைக் குத்தம் சொல்றீங்கன்னு நெனைச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கையை ஆட்டிப் பார்த்திருப்பேனே! எங்கம்மாவே பயந்துபோய்த் தூக்கிட்டு வந்திருப்பாளே!"

"புள்ளத்தாச்சி காதுல சாவைப் போடலாமாம்மா?" என்றார். அவ்வளவுதான் அவருடைய காரணம். அதற்காகத்தான் படம் பீரோவுக்குள் போயிற்று. அதற்காகத்தான் கன்னடம். என் கணவரும் மாமனாரும் அதையே சரி என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். இன்றுவரை நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சொன்னால் ஆகாது என்று நல்ல மனசோடு மறைத்தார்கள், அந்த நல்ல மனசு என்னை ரயில் வரைக்கும் கொண்டுபோனது. சந்தேகப்பட்டதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. என் பெண்ணுக்குப் பத்து வயசு ஆனபோதே, அந்தப் படத்தில் இருக்கும் அவளுடைய அத்தை எப்படிச் செத்தாள் என்று மூடி மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

அன்று அதையெல்லாம் பேசத் தெம்பு இல்லை. மாமியார் ஒரு வாய் ஊட்டினார், தின்றேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, பையில் இருந்து அந்தக் காகிதச் சுருட்டை எடுத்தார். ரெண்டு பத்து அளவு, பச்சையும் சிவப்பும்.

"அவளோட வளையல் எங்க அத்தை?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"கழட்ட வரலை. அதோடயேதான் கொண்டுபோனாங்க."

என் வீங்கின கையை மடியில் வைத்துக்கொண்டு முதல் வளையலை நுழைத்தார். எங்கும் பிடிக்காமல், விரல் முட்டியைத் தாண்டி மணிக்கட்டுக்கு வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. என் கையைப் பிடித்து மெதுவாக ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.